எஸ்எஸ்டிக்குக் கூடுதல் பணம் தரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கணினி வாங்குகிறவர்களும் பழைய கணினி மெதுவாகிவிட்டதே என்று வருந்துகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அதே பணத்துக்குப் பல மடங்கு இடம் தரும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்போது, இடம் குறைந்த எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் கருவி) ஏன் செலவழிக்க வேண்டும்? பல ஆண்டுகளாக நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கணினி பிரித்து, மாற்றி, தரவை மீட்டுக் கொடுத்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க்கை இந்தப் பக்கம் முழுவதும் வன்தட்டு என்றே குறிப்பிடுகிறேன்; வட்டு என்று சொன்னால் அது இரண்டுக்கும் பொது.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: எஸ்எஸ்டி அந்த விலைக்குத் தகுதியானதுதானா?

இயங்குதளமும் அன்றாடம் திறக்கும் மென்பொருள்களும் இருக்கும் இடத்துக்கு, ஆம், தயங்காமல் வாங்கலாம். எப்போதாவது ஒருமுறை எடுத்துப் பார்க்கும் படங்களையும் காணொளிகளையும் காப்பு நகல்களையும் வைத்திருக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லை. நீங்கள் உட்கார்ந்து காத்திருக்கும் வேலைக்குப் பணத்தைச் செலவிடுங்கள். உங்களுக்காகத் தரவு காத்திருக்கும் வேலைக்கு வன்தட்டே போதும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு கருத்தை விரித்துச் சொல்பவையே.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

வன்தட்டு ஓர் இயந்திரம். காந்தப்பூச்சு பூசிய தட்டுகள் உள்ளே சுழல்கின்றன. ஒரு கையின் நுனியில் இருக்கும் தலைப்பகுதி, தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி படிக்கவும் எழுதவும் செய்கிறது. மனித முடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் கணினியுடன் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்து ஐம்பது லட்சம் எழுத்துகளைத்தான் சேமிக்க முடிந்தது. இன்றைய வன்தட்டுகள் கைக்குள் அடங்கினாலும் வேலை செய்யும் விதம் அடிப்படையில் அதேதான்: தட்டு சுழல வேண்டும், கை நகர வேண்டும்.

எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் நேண்ட் என்ற வகைதான் அதற்குள் இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னூட்டம் சிறைப்பட்டிருக்கிறது. எந்த அறையில் எவ்வளவு மின்னூட்டம் என்பதே தரவு. கன்ட்ரோலர் என்ற சிறு சில்லு, எந்தத் தரவு எந்த அறையில் இருக்கிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறது.

அட்டைப்பெட்டியில் நொடிக்கு இத்தனை எம்பி என்று போட்டிருக்கிறார்களே, அந்த வேகத்தை நம்பி வாங்கலாமா?

அந்த எண் பொய்யில்லை. ஆனால் நீங்கள் உணரப்போகும் வேறுபாட்டை அந்த எண் சொல்வதில்லை. ஒரு பெரிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம் அது. வன்தட்டு இந்த வேலையில் நொடிக்கு 100 முதல் 250 எம்பி வரை கொடுக்கும். சாட்டா என்ற இணைப்பு முறையில் வரும் எஸ்எஸ்டி ஏறத்தாழ 550 எம்பி கொடுக்கும். இந்த இரண்டையும் மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு முதல் ஐந்து மடங்கு வேறுபாடுதானே என்று தோன்றும், அதற்கா இவ்வளவு விலை என்றும் கேட்கத் தோன்றும்.

கணினி நாள் முழுவதும் செய்யும் வேலை அப்படிப்பட்டதன்று. இயங்குதளம் தொடங்கும்போதும், உலாவியைத் திறக்கும்போதும், அது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை, வட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. இங்கேதான் தாமதம் என்ற கணக்கு வருகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் தலைப்பகுதியின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். கை அந்தத் தடத்துக்கு நகர்ந்து சேர 9 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு சிறு கோப்புக்கு 13 மில்லிநொடி ஆகிறது. மடிக்கணினிகளில் அதிகம் வந்த 5400 சுழற்சித் தட்டுகளில் இது இன்னும் கூடும். எஸ்எஸ்டியில் அதே கோப்பு கைக்கு வர ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு அளவே ஆகிறது.

இப்போது பத்தாயிரம் சிறு கோப்புகளைப் படிக்க வேண்டும் என்று கொள்வோம். வன்தட்டில் 130 நொடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேல். எஸ்எஸ்டியில் ஒரு நொடி. இயங்குதளம் முன்கூட்டியே சேர்த்துப் படிப்பது போன்ற உத்திகளால் நடைமுறையில் இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் வேறுபாடு இரண்டு முதல் ஐந்து மடங்கு என்ற அளவில் நிற்பதில்லை. எஸ்எஸ்டிக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், அந்தக் கை நகரும் நேரத்தை இல்லாமல் செய்வதற்கான விலைதான்.

விண்டோஸ் 10, 11 போன்ற இயங்குதளங்கள் பின்னணியில் புதுப்பிப்புகளைப் பார்ப்பதும், கோப்புகளை அட்டவணைப்படுத்துவதும், வைரஸ் சோதனை நடத்துவதும் ஒரே நேரத்தில் நடக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே வட்டுப் பயன்பாடு 100 சதவீதம் என்று டாஸ்க் மேனேஜர் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வன்தட்டின் அந்த ஒற்றைக் கை பல பக்கமும் இழுபடுவதன் அடையாளம் அது.

சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை சொல்கிறார்கள். விலை உயர்ந்ததையே வாங்க வேண்டுமா?

சாட்டா என்பது வன்தட்டுக் காலத்தில் வகுத்த இணைப்பு முறை. அதன் கூரை நொடிக்கு 600 எம்பி. என்விஎம்இ வகை, கணினிக்குள் செயலியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகத் தடங்களை நேரடியாகப் பயன்படுத்துவதால், மூன்றாம் தலைமுறையில் 3500 எம்பியும் நான்காம் தலைமுறையில் 7000 எம்பியும் எட்டுகிறது. ஐந்தாம் தலைமுறை இதற்கும் இரு மடங்கு வரை போகிறது.

வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைக்கும் வேறுபாட்டை யாரும் கண்ணால் பார்க்கலாம். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது, எழுத்து வேலை, கணக்கு வேலை, இணையம் பார்ப்பது ஆகியவற்றில் அந்த வேறுபாடு மிகச் சிறியது. காரணம், சிறு கோப்பு ஒன்றுக்கான தாமதம் இரண்டிலும் ஏற்கனவே மிகக் குறைவு. பெரிய காணொளிகளைத் தொகுப்பவர்களுக்கும், நூற்றுக்கணக்கான ஜிபியை அடிக்கடி இடம் மாற்றுகிறவர்களுக்கும் அந்தக் கூடுதல் வேகம் உண்மையில் பயன்படும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் என்விஎம்இ வாங்குங்கள். ஐந்தாம் தலைமுறைக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவதைவிட, அதே பணத்தில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்வது பெரும்பாலானோருக்கு நல்லது என்பது என் கருத்து.

வாங்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த மெல்லிய பட்டையில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். உங்கள் கணினியிலுள்ள எம்.2 துளை இரண்டையும் ஏற்குமா, ஒன்றை மட்டும் ஏற்குமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். பட்டை கச்சிதமாகப் பொருந்திவிட்டது, கணினிக்கு மட்டும் தெரியவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு நேர்ந்தது இதுதான்.

என் மடிக்கணினி மிகப் பழையது. அதற்குப் போய்ச் செலவழிப்பது வீண்தானே?

பல நேரங்களில் செலவழித்த பணத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது பழைய கணினியில்தான். என் அக்காவின் மடிக்கணினிக்கு அப்போது எட்டு வயது. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. திரை வந்த பிறகும் சுட்டி அசையச் சற்று நேரம் ஆகும். புதிதாக வாங்குவதென்று முடிவே செய்துவிட்டார். அதற்கு முன் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று மேசையில் துணி விரித்து, கணினியைக் கவிழ்த்து, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அடிமூடியின் திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக எடுத்து வைத்தேன். உள்ளே இரண்டரை அங்குல வன்தட்டு ஒரு தகட்டுச் சட்டத்தில் நான்கு திருகாணிகளால் பிடிக்கப்பட்டிருந்தது. அதைப் பக்கவாட்டில் இழுத்ததும் இணைப்பிலிருந்து கழன்று வந்தது. அதே சட்டத்தில் சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். பழைய தட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 மில்லிமீட்டர். ஆடாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டினேன். பழைய தட்டின் நகலை முன்பே எஸ்எஸ்டிக்கு எடுத்து வைத்திருந்ததால் வேறெதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. முதல்முறை பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல் எழுந்த அக்கா, நாற்காலியை விட்டு நகர்வதற்குள் கடவுச்சொல் கேட்கும் திரை வந்துவிட்டது. அந்தக் கணினியை அதன் பிறகு நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினார்.

இதற்கு எல்லையும் உண்டு. காணொளி தடுமாறுகிறது, விளையாட்டு ஓடவில்லை என்றால் அது செயலியின் குறை அல்லது வரைகலைச் சில்லின் குறை. எஸ்எஸ்டியால் அதைத் தீர்க்க முடியாது.

முதலில் ரேம் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

கணினியில் 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் தற்காலிக நினைவகம்) மட்டும் இருந்தால், கையில் இருக்கும் பணம் இரண்டுக்கும் போதாதென்றால், நான் எஸ்எஸ்டியைத்தான் முதலில் சொல்வேன். ரேம் நிரம்பியதும் இயங்குதளம் மிச்சத்தை வட்டில் எழுதி வைக்கிறது. அந்த வட்டு வன்தட்டாக இருந்தால் கணினி உறைந்தே போகும், எஸ்எஸ்டியாக இருந்தால் சற்றுத் தயங்கி நகர்ந்துவிடும். 8 ஜிபி ஏற்கனவே இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

எத்தனை ஜிபி வாங்குவது?

இயங்குதளத்துக்கும் மென்பொருளுக்கும் மட்டும் என்றால் 256 ஜிபி ஒப்பேறும். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் இடம் தேடித் தவிப்பீர்கள். 500 ஜிபி நிம்மதி தரும். பெரிய விளையாட்டுகள் வைத்திருப்பவர்கள் 1 டிபி (ஆயிரம் ஜிபி) பார்க்கலாம். எந்த அளவு வாங்கினாலும் அதில் பத்து முதல் இருபது சதவீதத்தைக் காலியாக விட்டுவைப்பது நல்லது. நிரம்பி வழியும் எஸ்எஸ்டிக்கு உள்ளே தரவை ஒழுங்குபடுத்திக்கொள்ள இடமில்லாமல் எழுதும் வேகம் குறையும். 1 டிபி என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் திகைக்க வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024-இன் மடங்கிலும் எண்ணுவதால் வருவது அது.

எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே? இரண்டே ஆண்டில் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தேய்வது உண்மை, இரண்டே ஆண்டில் தேய்ந்து தீர்ந்துவிடும் என்பது சாதாரணப் பயன்பாட்டில் நடக்காது. நுண்ணறையை அழித்து மறுபடி எழுதும் ஒவ்வொரு முறையும் அதன் மின்காப்புப் படலம் சிறிது பலவீனமாகிறது. ஓர் அறையில் ஒரு பிட் (0 அல்லது 1) மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை ஒரு லட்சம் முறை அளவுக்குத் தாங்கும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை ஓராயிரம் முதல் மூவாயிரம் முறை. நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி அதைவிடவும் குறைவு. இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் அஞ்சுகிறார்கள்.

ஆனால் ஒரே அறையில் திரும்பத் திரும்ப எழுத கன்ட்ரோலர் அனுமதிப்பதில்லை. நீங்கள் ஒரே கோப்பை நூறு முறை சேமித்தாலும், ஒவ்வொரு முறையும் அதிகம் தேயாத அறைகளைத் தேடி அங்கே எழுதி, தேய்மானத்தை முழு வட்டிலும் பரப்பிவிடுகிறது. 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர்கள் தரும் உத்தரவாத எல்லை 600 டிபி எழுதுவது. நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு இது தாராளமான கணக்கு. 600 டிபியை எட்ட 20,000 நாள் ஆகும், அதாவது ஐம்பத்து நான்கு ஆண்டுகள். பயன்படுத்தும்போது உள்ளே கன்ட்ரோலர் தானாகச் செய்யும் இடமாற்றங்களால் உண்மையான தேய்மானம் நாம் எழுதுவதைவிடச் சற்றுக் கூடும் என்றாலும், உற்பத்தியாளர் இந்த எல்லையை வகுக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்.

எஸ்எஸ்டிகள் கெட்டுப்போவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுப் பயன்பாட்டில் கெடும்போது, பெரும்பாலும் அறைகள் தேய்ந்து கெடுவதில்லை. கன்ட்ரோலரோ, அதன் உள்மென்பொருளோ, மின்சுற்றில் ஏதேனும் ஒரு பாகமோ கெடுகிறது. அதனால்தான் எழுதும் கணக்கைப் பற்றிய கவலையைவிடக் காப்பு நகல் பற்றிய கவலை முக்கியம் என்று அழுத்திச் சொல்கிறேன். தேய்மானத்துக்குப் பயந்து உலாவியின் தற்காலிகக் கோப்புகளை வன்தட்டுக்கு மாற்றுகிறவர்கள், தாங்கள் வாங்கிய வேகத்தைத் தாங்களே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

கியூஎல்சி மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?

ஓர் அறையில் ஒரு பிட் வைக்க இரண்டு மின்னழுத்த நிலைகள் போதும். மூன்று பிட்டுக்கு எட்டு, நான்கு பிட்டுக்குப் பதினாறு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். பிட் கூடக்கூட விலை குறைகிறது, எழுதும் வேகமும் ஆயுளும் குறைகின்றன. இதை மறைக்க, டிஎல்சி, கியூஎல்சி எஸ்எஸ்டிகள் காலியாக உள்ள அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் பயன்படுத்தி வேகமாக எழுதிக்கொள்கின்றன. பிறகு ஓய்வு நேரத்தில் அதை அடுக்கி வைக்கின்றன. நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் சட்டென்று சரிவதைப் பார்க்கலாம். சில கியூஎல்சி வட்டுகளில் அப்போது கிடைக்கும் வேகம் வன்தட்டின் வேகத்துக்கும் கீழே போய்விடும். படிப்பது அதிகம், எழுதுவது குறைவு என்றால், எடுத்துக்காட்டாக விளையாட்டுகள் வைத்திருக்க, கியூஎல்சி தாராளமாகப் போதும். இயங்குதளத்துக்கு டிஎல்சியையே தேர்ந்தெடுங்கள்.

எஸ்எஸ்டியையும் டிஃப்ராக் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சிதறிய துண்டுகளைச் சேர்ப்பது, கை நகரும் வன்தட்டுக்குத்தான் பயன் தரும். எஸ்எஸ்டிக்கு வேண்டியது டிரிம் என்ற கட்டளை. அழித்த கோப்புகளின் இடம் இனி தேவையில்லை என்று அது வட்டுக்குத் தெரிவிக்கிறது. இன்றைய இயங்குதளங்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

எஸ்எஸ்டியில் குடும்பப் படங்களை எழுதி அலமாரியில் பூட்டி வைத்தால் பல ஆண்டுகள் இருக்குமா?

அதற்கு எஸ்எஸ்டியை நம்ப வேண்டாம் என்பதே என் பதில். மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிகிறது. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் என்ற தர அமைப்பின் வரையறைப்படி, வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி தன் எழுதும் எல்லை முழுவதையும் தீர்த்த பிறகும், மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். இது தேய்ந்து முடிந்த வட்டுக்கான குறைந்தபட்ச அளவு. புதிய வட்டு இதைவிட நெடுநாள் காக்கும். இருந்தாலும் பத்தாண்டுகள் தொடாமல் வைக்கும் பொருளுக்கு இது உகந்ததன்று. வன்தட்டின் காந்தப் பதிவு அவ்வாறு கசிவதில்லை, ஆனால் அதன் இயந்திரப் பாகங்கள் நெடுநாள் ஓடாமல் கிடந்தால் சிக்கிக்கொள்ளக்கூடும். எதில் வைத்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது இணைத்து, கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

வட்டு பழுதானால் தரவை மீட்பது எதில் எளிது?

இந்தக் கேள்வியை வாங்கும் முன் கேட்பவர்கள் மிகச் சிலர். இழந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். வன்தட்டு பெரும்பாலும் முன்னறிவிப்புத் தரும்: டிக் டிக் என்ற ஓசை வரும், சில கோப்புகள் திறக்கத் தாமதமாகும், சில பகுதிகள் படிக்க முடியாமல் போகும். அந்த நிலையில் மேலும் ஓட்டாமல் நிறுத்திவிட்டால், தூசியற்ற அறையில் பிரித்துப் பெரும்பகுதியை மீட்கும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். எஸ்எஸ்டி அப்படிப்பட்டதன்று. முதல் நாள் இரவு நன்றாக இருந்த என் வட்டு ஒன்று மறுநாள் காலை கணினிக்கே தெரியாமல் போனது; ஓசையில்லை, எச்சரிக்கையில்லை. தரவு அறைகளில் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு கன்ட்ரோலரிடம் இருக்கிறது, பல வட்டுகளில் தரவு மறையாக்கம் செய்தும் வைக்கப்படுகிறது. கன்ட்ரோலர் இறந்துவிட்டால் சில்லுகளைத் தனியே பெயர்த்துப் படித்தாலும் பொருள் விளங்காது. காப்பு நகல் வைத்திருந்ததால் நான் இழந்தது ஒரு நாள் வேலை மட்டுமே.

தவறி அழித்த கோப்பின் கதையும் இதுவே. வன்தட்டில் அழித்த கோப்பு, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் டிரிம் கட்டளை போன பிறகு படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்களே வரும். அதனால் எஸ்எஸ்டி வாங்கும் பணத்தில், காப்புக்கென்று ஒரு வெளிப்புற வன்தட்டுக்கான தொகையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இரண்டும் சேர்ந்து கைமீறினால், எஸ்எஸ்டியின் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டாவது காப்பு வட்டை வாங்குங்கள்.

அப்படியானால் வன்தட்டு இன்னும் எங்கே சிறந்தது?

இடத்துக்கான விலையில் வன்தட்டுக்கு நிகரில்லை. கண்காணிப்புக் கேமரா நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும் பதிவுகள், வீட்டுச் சேமிப்புச் சர்வர், பல டிபி காணொளித் தொகுப்பு, காப்பு நகல் ஆகிய இடங்களில் வேகத்தைவிடக் கொள்ளளவே முக்கியம். இவற்றில் தரவு பெரும்பாலும் தொடர்ச்சியாக எழுதப்பட்டுத் தொடர்ச்சியாகப் படிக்கப்படுவதால் வன்தட்டின் பலவீனம் வெளியே தெரிவதும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தடங்களை ஓட்டுக்கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் என்ற முறை மலிவான வன்தட்டுகள் பலவற்றில் இருக்கிறது. ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டியிருப்பதால், அடிக்கடி மாறும் தரவுக்கு அது மிக மெதுவாகும். சர்வருக்கோ, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்புக்கோ வாங்கும்போது, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

மின்சாரம், ஓசை, அதிர்ச்சி தாங்குவது ஆகியவற்றில்?

எல்லாவற்றிலும் எஸ்எஸ்டிக்கே முதலிடம். மேசைக்கணினி வன்தட்டு ஓடும்போது 5 முதல் 8 வாட் வரை எடுக்கும். எஸ்எஸ்டி சும்மா இருக்கும்போது ஒரு வாட்டுக்கும் கீழே. மடிக்கணினியின் மின்கல நேரத்தில் இதனால் கிடைக்கும் கூடுதல் சிறிதுதான், ஏனெனில் திரையும் செயலியும்தான் அதிகம் எடுத்துக்கொள்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கு, அதிர்ச்சியைத் தாங்கும் ஒரு காரணமே எஸ்எஸ்டி வாங்கப் போதும்.

நம்ப முடியாத குறைந்த விலையில் 2 டிபி, 4 டிபி வெளிப்புற எஸ்எஸ்டி என்று விற்கிறார்களே?

வாங்காதீர்கள். அவற்றுள் பல, சிறிய கொள்ளளவுள்ள நினைவக அட்டையை ஒரு கூட்டுக்குள் வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி உள்மென்பொருளை மாற்றியவை. கோப்புகள் ஏறியதுபோலவே தெரியும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதியவை எல்லாம் காணாமற்போகும். சந்தேகம் வந்தால் எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்களால் முழு வட்டையும் நிரப்பிப் படித்துப் பார்க்கலாம். நல்ல வெளிப்புற எஸ்எஸ்டியை வாங்கினாலும், யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் நொடிக்கு 40 எம்பிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அந்தத் துளை மட்டும் இருக்கும் கணினிக்கு வெளிப்புற வன்தட்டே போதும்.

விலை குறையும் வரை காத்திருக்கலாமா?

ஃபிளாஷ் நினைவகத்தின் விலை நீண்டகாலப் போக்கில் வெகுவாக இறங்கியிருக்கிறது. ஆனால் இடையிடையே ஏறவும் செய்கிறது. தேவை கூடும்போது மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போன காலங்களும் உண்டு. வன்தட்டும் இதற்கு விலக்கன்று: 2011-இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்தபோது உலகம் முழுவதும் விலை பாய்ந்து ஏறியது. ஆகவே விலையைக் கணித்துக் காத்திருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்று ஒவ்வொரு நாளும் கணினிமுன் பத்து நிமிடம் காத்திருக்கிறீர்கள் என்றால், ஓராண்டில் அது அறுபது மணிநேரம். அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு என்பதை உங்களால்தான் சொல்ல முடியும். கணினியில் உண்மையில் காத்திருப்பே இல்லையென்றால், அடுத்த கணினி வாங்கும்வரை பொறுத்திருப்பதில் தவறில்லை.

எஸ்எஸ்டி போட்ட பிறகு கழற்றிய வன்தட்டை என்ன செய்வது?

உடனே அழித்துவிட வேண்டாம். புதிய வட்டில் எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று ஓரிரு வாரம் பார்த்த பிறகு தொடுங்கள். ஸ்மார்ட் என்ற தன்னறிக்கையைப் படிக்கும் மென்பொருளில், மறு ஒதுக்கீடு செய்த பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூஜ்யமாக இருந்தால், ஒரு யுஎஸ்பி கூட்டில் பொருத்திக் காப்பு வட்டாகப் பயன்படுத்தலாம். பழைய தட்டு என்பதால் ஒரே நகலை அதில் மட்டும் வைக்கக் கூடாது. அந்த எண்கள் ஏறிக்கொண்டிருந்தால் அதில் எதையும் வைக்காதீர்கள். பிறருக்குக் கொடுப்பதானால், வெறுமனே ஃபார்மட் செய்வது போதாது. முழு வட்டின் மேலும் ஒருமுறை பூஜ்யங்களை எழுதிவிட வேண்டும். நான் கழற்றும் தட்டுகளின் மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, கழற்றிய தேதி, எந்தக் கணினியிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி வைக்கிறேன். அக்காவின் பழைய தட்டு அப்படித்தான் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருகிறது.